மதுரைப் பக்கம் காளான் பறிக்கப் போறவங்க என்கிட்ட கேக்குற கேள்விகள்

சித்திரையில ஒரு மழை பெஞ்சுட்டா போதும், மறுநாள் வெள்ளன இருந்தே எனக்கு போட்டோவா வந்து குமியும். "அக்கா இது சாப்பிடலாமா", "அக்கா இது அப்பத்தா சொன்ன காளான்தானா"ன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட்டுட்டே இருந்தேன், ஆனா கேள்வி என்னமோ திரும்பத் திரும்ப அதேதான் வருது, அதான் மொத்தமா எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். நான் அழகர்மலைக்குக் கிழக்க, மேலூர் போற வழியில ஒரு ஊருல வளந்தவ. காளான் எனக்கு சொல்லிக் குடுத்தது எங்க அப்பத்தா. படிச்சு தெரிஞ்சுக்கிட்டது பின்னாடிதான். இதுல நான் சொல்ல வர்றது ஒன்னே ஒன்னுதான்: ஒரே ஒரு காளானை மட்டும் வேரோட, இடத்தோட தெரிஞ்சுக்கங்க, மத்ததை எல்லாம் பாத்துட்டு விட்டுருங்க. கீழ இருக்குற எல்லா பதிலும் சுத்தி சுத்தி அங்கதான் வந்து நிக்கும்.

யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க வசந்த காலத்துல காட்டுக்குள்ள போயி கூடை கூடையா காளான் எடுக்குறாங்களே, நம்ம பக்கம் பங்குனி சித்திரையில அப்படி கிடைக்குமா?

அவங்க எடுக்குறது பெரும்பாலும் மோரல். தேன்கூடு மாதிரி குழிகுழியா இருக்கும். பனி உருகி மண்ணு லேசா சூடு ஏறுறப்ப முளைக்குறது அது. நம்ம நாட்டுல காஷ்மீர், இமாச்சல் பக்கம் கிடைக்குது, அங்க குச்சின்னு சொல்வாங்க, காய வச்சது கிலோ பல ஆயிரம் ரூவாய்க்குப் போகும். நம்ம சமவெளி வெயில்ல அதைத் தேடி அலையுறதுல பிரயோஜனம் இல்ல. ஒன்னு மட்டும் சொல்லிடுறேன், அந்த மோரலையே பச்சையாவோ அரைவேக்காடாவோ தின்னா உடம்புக்கு ஆகாது. 2023ல அமெரிக்காவுல மொன்டானாவுல ஒரு சாப்பாட்டுக் கடையில மோரல் சாப்பிட்டு 51 பேருக்கு உடம்பு சரியில்லாம போயி அதுல 2 பேர் இறந்துட்டாங்க. நல்ல காளான்னு உலகமே சொல்றதுக்கே இந்த நிலைமைன்னா பேரு தெரியாததை என்ன சொல்ல.

நமக்கு வசந்தம்னா மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குற நேரம். காளானுக்கு பூவும் கொழுந்தும் தேவையில்ல, ஈரம்தான் தேவை. கோடை மழை நல்லா ரெண்டு மூணு தடவ எறங்குனா சித்திரை வைகாசியில கொஞ்சம் தலை காட்டும். அழகர் ஆத்துல எறங்குற சமயத்துல மழை பெஞ்சா "இந்த வருஷம் காளான் உண்டு"ன்னு அப்பத்தா சொல்லும்.

அப்ப சரியான சீசன் எது?

புரட்டாசி கடைசியில இருந்து கார்த்திகை வரைக்கும். மதுரைக்கு வருஷத்துக்கு சுமாரா 850 மில்லிமீட்டர் மழைன்னா அதுல பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்துலதான் கிடைக்குது, அதனால காளானும் அப்பதான் நிறைய. கோடை மழைக்கு வர்றது முன்னோட்டம் மாதிரி. ஆடி ஆவணியில சாயங்கால மழை தொடர்ந்து பெஞ்சாலும் சில எடத்துல வரும். ராத்திரி நல்ல மழை, காலையில புழுக்கம், மறுபடியும் மழை, இப்படி ரெண்டு மூணு நாள் போகணும். ஒரே அடியா கொட்டித் தீத்துட்டு மறுநாள் சுள்ளுனு வெயில் அடிச்சா ஒன்னும் வராது.

இடி இடிச்சாதான் காளான் முளைக்கும்னு சொல்றாங்களே?

எங்க ஊருலயும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஜப்பான்லயும் இதே நம்பிக்கை உண்டு, அங்க காளான் வளக்குற கட்டையில மின்சாரத் துடிப்பு குடுத்துப் பாத்து விளைச்சல் கூடுதுன்னு ஆராய்ச்சியே பண்ணிருக்காங்க. ஆனா நம்ம புஞ்சையில இடியோட மழையும் சேந்து வருது, ஈரம் எறங்குது, அது போதும் காளானுக்கு. இடி இல்லாத அடைமழையிலயும் நான் ஓலைக் கொட்டான் நெறைய காளான் எடுத்துருக்கேன்.

எங்க போயி தேடுறது?

கறையான் இருக்குற எடம். அவ்வளவுதான். கம்மாக்கரை, பழைய வேலிக்கரை, உழாம போட்ட புஞ்சை, தோப்பு ஓரம், கரட்டு அடிவாரம், பழைய கல்லு மண்ணு சுவரு இடிஞ்சு கிடக்குற எடம். சங்கப் பாட்டுலயே காளானுக்கு ஆம்பின்னு பேரு, கறையான் அரிச்ச பழஞ்சுவருல புழுதிக்குள்ள காம்புக்குள்ள துளை விட்ட ஆம்பி பூத்துக் கிடக்குறதா வறுமைப்பட்ட ஒரு வீட்டைப் பாடியிருக்காங்க. அந்தக் காலத்துலயே கறையானையும் காளானையும் சேத்து பாத்துருக்காங்க பாருங்க, எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு.

எல்லாப் புத்தும் மண்ணுக்கு மேல எழும்பி நிக்காது. பாதி மண்ணுக்கு அடியிலேயே கிடக்கும், மேல வெறும் தரை மாதிரிதான் தெரியும். அதனால போன வருஷம் எங்க முளைச்சுச்சோ அந்த எடத்தை மனசுல வச்சுக்கங்க. அதே எடத்துல, பெரும்பாலும் அதே சமயத்துல திரும்ப வரும். எங்க அப்பத்தா எடத்தை ஆளுக்குச் சொல்லாது, எனக்குக் கூட எட்டு வயசுக்கு மேலதான் காட்டுச்சு.

நீங்க சொல்ற அந்த ஒரே காளான் எது? எப்படி உறுதியா தெரிஞ்சுக்குறது?

புத்துக் காளான். புத்தகத்துல டெர்மிட்டோமைசிஸ்னு போட்டுருப்பாங்க. இதுல பல ரகம் இருக்கு. வெள்ளையா, சாம்பல் பூத்தாப்ல, லேசா பழுப்பா எல்லாம் வரும். இது கறையான் பண்ற வெள்ளாமை. கறையான் காஞ்ச இலையும் சுள்ளியும் கடிச்சு தின்னு உள்ள கொண்டு போயி, அதை வச்சு பஞ்சு மாதிரி ஒரு அடுக்கு கட்டும், அதுல இந்தக் காளானோட நூலிழை வளரும், மரத்துல இருக்குற கடினமான நாரையெல்லாம் காளான்தான் செரிக்க வைக்கும், கறையான் அதுல வர்ற சின்னச் சின்ன வெள்ளை உருண்டைய தின்னும். ஏறக்குறைய 3 கோடி வருஷமா இந்த விவசாயம் நடக்குதாம். மனுசன் ஏரு பிடிக்கறதுக்கு எத்தனையோ காலம் முந்தி.

இப்ப அடையாளத்துக்கு வருவோம், இதைப் பொறுமையா படிங்க.

மேல பாக்குறப்ப குடையோட நடுவுல ஒரு கூர்ப்பு இருக்கும், முலைக்காம்பு மாதிரி, சில ரகத்துல நல்லா கூரா கருத்துக்கூட இருக்கும். மண்ணைக் குத்திக்கிட்டு மேல வர்றதுக்குத்தான் அந்தக் கூர்ப்பு. குடை விரிஞ்சதும் ஓரம் அங்கங்க கீறி வெடிச்சுருக்கும். அடியில மடிப்பு மடிப்பா இருக்குறது முதல்ல வெள்ளை, முத்த முத்த லேசா ரோஸ் கலர் ஏறும்.

ஆனா இது எதுவும் முக்கியமில்ல. முக்கியமானது மண்ணுக்கு அடியில இருக்கு. காளானைப் பிடிச்சு வெடுக்குனு இழுக்காதீங்க. களைக்கொத்தியோ ஒரு கூரான குச்சியோ வச்சு பக்கத்துல இருந்து பைய மண்ணை விலக்குங்க. காம்பு தரை மட்டத்துல முடியாது. உள்ள போகும். ஒரு சாண், சில சமயம் ஒரு முழத்துக்கு மேல போகும், போகப் போக எலி வால் மாதிரி மெலிஞ்சுக்கிட்டே போகும், மேல்தோல் கொஞ்சம் கருத்து நாராட்டம் இருக்கும். அது கடைசியில போயி முடியுற எடத்துல, பழுப்பா, மூளை மாதிரி சுருக்கம் சுருக்கமா, கையில எடுத்தா கனமே இல்லாத ஒரு பஞ்சுக்கட்டி இருக்கும், அதுல கறையான் ஓடும். ஈர மண்ணு வாசம் சும்மா குப்புனு அடிக்கும். அந்த வாலும் கட்டியும் பாத்தாச்சுன்னா அது புத்துக் காளான். அது பாக்காம நான் ஒன்னைக் கூட கொட்டான்ல போட மாட்டேன், முப்பது வருஷமா பறிக்கிறேன், இப்பவும் ஒவ்வொரு கும்பலுக்கும் ஒன்னையாவது தோண்டிப் பாத்துட்டுத்தான் மத்ததைத் தொடுவேன்.

அடியில முட்டை ஓடு உடைஞ்ச மாதிரி கிண்ணமோ பையோ இருந்துச்சுன்னா அது புத்துக் காளான் கிடையவே கிடையாது. உடனே விட்டுருங்க. காம்புல மோதிரம் மாதிரி வளையம் இருக்குறது வேற விஷயம், அது சில புத்துக் காளான்லயும் உண்டு, அதை மட்டும் வச்சு நல்லது கெட்டது முடிவு பண்ண முடியாது.

பொடிப்பொடியா நூத்துக்கணக்குல அரிசி கொட்டி விட்ட மாதிரி முளைக்குதே, அது?

அதுவும் புத்துக் காளான் சாதிதான், எங்க பக்கம் அரிசிக் காளான்னு சொல்றது. கறையான் பழைய பஞ்சுக்கட்டிய உடைச்சு வெளிய கொண்டாந்து போடும், அதுல இருந்து முளைக்குறதால அதுக்கு நீள வாலு இருக்காது. அதனால புதுசா கத்துக்குறவங்க இதுல கை வைக்காதீங்க. சின்னதா கூட்டமா முளைக்குற வேற காளானும் நிறைய இருக்கு, தெரிஞ்சவங்க கூட நின்னு ரெண்டு மூணு வருஷம் பாத்த பிறகு எடுங்க.

வைக்கோல் படப்புல வர்றது?

வைக்கோல் காளான் நல்ல காளான்தான், ருசியும் நல்லாருக்கும். சங்கடம் என்னன்னா அதுக்கும் அடியில பை உண்டு, விஷக் காளான் அமானிட்டாவுக்கும் அடியில பை உண்டு. மொட்டா இருக்குறப்ப ரெண்டும் முட்டை மாதிரி ஒன்னு போல இருக்கும். வித்துத்தூள், அதாவது குடைக்கு அடியில மடிப்புல இருந்து கொட்டுற தூளோட கலர் வச்சு பிரிக்கலாம், வைக்கோல் காளானுக்கு ரோஸ், அமானிட்டாவுக்கு வெள்ளை. ஆனா மொட்டுல தூளே கொட்டாதே. எனக்கு வேணும்னா விதைச்சு வளத்ததை வாங்கிக்குவேன், படப்புல தானா வர்றதை எடுக்க மாட்டேன்.

வித்துத்தூள் பாக்குறது எப்படி?

விரிஞ்ச குடைய காம்பு இல்லாம நறுக்கி, மடிப்பு கீழ இருக்குற மாதிரி ஒரு பேப்பர்ல வச்சு, மேல ஒரு டம்ளரைக் கவுத்துடுங்க. பேப்பர்ல பாதி வெள்ளை பாதி கருப்பா இருந்தா நல்லது, ஏன்னா வெள்ளைத் தூள் வெள்ளைப் பேப்பர்ல தெரியாது. காலையில எடுத்துப் பாத்தா மாக்கோலம் போட்ட மாதிரி கோடு கோடா தூள் படிஞ்சிருக்கும். புள்ளைகளுக்கு இதைக் காட்டுங்க, ரொம்ப ஆசையா பாக்கும்.

ஸ்கூல் கிரவுண்டுல, பார்க்ல புல்லுக்குள்ள தட்டு தட்டா பெருசா வெள்ளைக் காளான் முளைச்சுருக்கு, பாக்க அழகா இருக்கு, பறிக்கலாமா?

வேணாம். இந்தக் கேள்விதான் வருஷா வருஷம் அதிகமா வருது, இதுல நானே அடிபட்டவ. அப்ப நான் காலேஜ் முடிச்ச புதுசு, டவுன்ல குடியிருந்தோம். எங்க சித்தப்பா மழை விட்ட மறுநாள் ஒரு மைதானத்துல இருந்து ஒரு துண்டு நிறைய பறிச்சுட்டு வந்துட்டாரு. நானும் குடைய மட்டும் பாத்துட்டு "நம்ம ஊருக் காளான் மாதிரிதான் இருக்கு"ன்னு சொல்லிட்டேன். ஏற்கனவே ஒடிச்சுக் கொண்டாந்தது, வேரே இல்ல. சித்தி வறுத்து வச்சாங்க. ரெண்டு மணி நேரம் ஆகல, சித்தப்பா வாசல்ல உக்காந்து வாந்தி, அடுத்து எனக்கு, அடுத்து தம்பிக்கு. வயித்தைப் பிடுங்கிப் போட்ட மாதிரி வலி, ராத்திரி பூரா பேதி. ஆஸ்பத்திரியில டிரிப் ஏத்துனாங்க. தம்பிக்கு அப்ப ஒன்பது வயசு, கண்ணெல்லாம் உள்ள போயி, உதடு காஞ்சு, பேசவே முடியாம கிடந்தான். அவன் முகத்தைப் பாத்துக்கிட்டு அந்த ராத்திரி பூரா "நான்தானே சரின்னு சொன்னேன்"னு உக்காந்துருந்தேன். இந்தப் பக்கம் பூராவும் நான் எழுதுறதுக்கு அந்த ராத்திரிதான் காரணம்.

அந்தக் காளான் பேரு குளோரோஃபில்லம் மாலிப்டைடிஸ். புல்தரையில வட்டம் போட்ட மாதிரி முளைக்கும். வெள்ளைக் குடை மேல பழுப்பு செதில் ஒட்டிருக்கும், காம்புல மேலயும் கீழயும் நகர்ற வளையம் இருக்கும். இளசுல அடி மடிப்பு வெள்ளையாதான் இருக்கும், முத்துனாதான் சாம்பல் பச்சை. வித்துத்தூள் மங்கலான பச்சை. பச்சைத் தூள் கொட்டுச்சுன்னா கிட்ட போகாதீங்க. பொதுவா உயிருக்கு ஆபத்து வராது, ஆனா சின்னப் புள்ளைக்கும் வயசானவங்களுக்கும் உடம்புத் தண்ணி வத்திப் போயி நிலைமை மோசமாகும்.

மஞ்சள் போட்டு வேக வச்சா கலர் மாறும், பூண்டு கருக்கும், வெள்ளிக்காசு கருக்கும்னு சொல்றாங்க. பூச்சி அரிச்ச காளான் நல்லதுன்னும் சொல்றாங்க.

இதுல எதையும் நம்பாதீங்க. காளான் விஷம் வெள்ளியோட சேந்து கருக்காது, பூண்டையும் மஞ்சளையும் கலர் மாத்தாது. பூச்சி, நத்தை, அணில் தின்னா அதுங்களுக்கு ஒத்துக்குது, அவ்வளவுதான். கொதிக்க வச்சா விஷம் போயிடும்ங்குறதும் தப்பு, அமானிட்டாவுல இருக்குற அமாடாக்சின் கொதிச்சாலும், காய வச்சாலும் அப்படியே இருக்கும். பெரியவங்க சொன்னதை நான் மதிக்கிறவதான், காளானை எனக்குக் காட்டுனதே ஒரு பெரியவதான். ஆனா எங்க அப்பத்தா ஒரு நாளும் காசு போட்டுப் பாத்ததில்ல. தோண்டிப் பாக்கும், மோந்து பாக்கும், சந்தேகம் வந்தா தூக்கி வேலிக்கு அங்கிட்டு எறிஞ்சுரும்.

உயிரையே எடுக்குற காளான் எப்படி இருக்கும்? சாப்பிட்டா என்ன ஆகும்?

அமானிட்டா குடும்பத்துல சிலது. அடியில கிண்ணம், காம்புல வளையம், மடிப்பு வெள்ளை. இந்த மூணும் சேந்து இருந்தா தின்னுற நினைப்பையே விடுங்க. பாக்க அசிங்கமா எல்லாம் இருக்காது, சுத்தமா பளபளன்னு இருக்கும், தின்னு பொழைச்சவங்க ருசியாவே இருந்துச்சுன்னு சொல்லிருக்காங்க.

இதுல பயங்கரம் என்னன்னா தின்ன உடனே ஒன்னும் தெரியாது. 6 மணி நேரத்துக்கு மேல, சில பேருக்கு 12 மணி நேரம், அதுக்கும் மேல கழிச்சுதான் வாந்தி பேதி ஆரம்பிக்கும். ராத்திரி தின்னுருப்பாங்க, காலையில "நேத்து பரோட்டா ஒத்துக்கல போல"ன்னு நினைப்பாங்க. ஒரு நாள் போனா நின்னுடும், சரியாயிடுச்சுன்னு வீட்டுக்கு வந்துருவாங்க. அந்த நேரத்துல உள்ள ஈரல் கெட்டுக்கிட்டு இருக்கும். மூணாவது நாள் நாலாவது நாள் கண்ணு மஞ்சளாகி, நினைவு தப்பிரும். 2022 ஏப்ரல்ல அஸ்ஸாம்ல காட்டுக் காளான் சாப்பிட்டு சில நாளைக்குள்ள 13 பேர் செத்துப் போனாங்க, தேயிலைத் தோட்டத்து ஜனங்க, அதுல சின்னப் புள்ளையும் உண்டு. அங்க அதுதான் வசந்த கால காளான் சீசன்.

அதனால காளான் தின்னு எப்ப வாந்தி பேதி வந்தாலும் உடனே 108க்கு போன் பண்ணுங்க, இல்ல நம்ம பெரியாஸ்பத்திரிக்கு போங்க. தின்னது எத்தனை மணிக்கு, வாந்தி ஆரம்பிச்சது எத்தனை மணிக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த இடைவெளிதான் அவங்களுக்கு முக்கியமான துப்பு. மிச்ச காளான், கழுவுன கழிவு, ஏன் வாந்தியைக் கூட ஒரு டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. கூட சாப்பிட்ட எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க, நல்லா இருக்கேன்னு சொல்றவங்களையும் சேத்து. புளித்தண்ணி, உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சு வீட்டுல நேரத்தைக் கழிக்காதீங்க.

போன்ல ஆப் இருக்கே, போட்டோ எடுத்தா பேரு சொல்லுதே?

போட்டோவுல குடைதான் தெரியும். வாலு தெரியாது, கிண்ணம் மண்ணுக்குள்ள இருக்கும், வாசம் தெரியாது. ஒரு பேரைத் தெரிஞ்சுக்கிட்டு மேல படிக்கிறதுக்கு ஆப் நல்லது. தின்னலாமான்னு முடிவு பண்றதுக்கு ஆகாது. இதே காரணத்துக்காகத்தான் நீங்க அனுப்புற போட்டோவுக்கு நானும் "சாப்பிடலாம்"னு ஒரு நாளும் பதில் போடுறதில்ல, கோவிச்சுக்காதீங்க.

அழகர்மலை, சிறுமலை, சதுரகிரி காட்டுக்குள்ள போயி பறிக்கலாமா?

காப்புக்காடுன்னா அனுமதி இல்லாம உள்ள போகவும் கூடாது, எதையும் எடுத்துட்டு வரவும் கூடாது. 1882ல இருந்தே வனச்சட்டம் இருக்கு. சாப்டூர், சதுரகிரி பக்கமெல்லாம் சரணாலயம், 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் அறிவிச்சாச்சு, அங்க சட்டம் இன்னும் இறுக்கம். 2006 வன உரிமைச் சட்டம் காட்டுக்குள்ள தலைமுறை தலைமுறையா வாழுற பளியர் மாதிரி ஜனங்களுக்கு தேன், கிழங்கு மாதிரி சிறு வன விளைபொருள் எடுக்குற உரிமை குடுக்குது, அது அவங்களோட உரிமை, அவங்க வயித்துப்பாடு. நாம கார்ல போயி எறங்கி அள்ளிட்டு வர்றதுக்கு இல்ல. அரிட்டாபட்டி மாதிரி எடமும் அப்படித்தான், 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சுருக்காங்க, போங்க, பாருங்க, போட்டோ எடுங்க, பறிக்காதீங்க.

நிஜத்தைச் சொன்னா காட்டுக்குள்ள போக வேண்டிய தேவையே இல்ல. புத்துக் காளான் வயக்காட்டு ஓரத்துலதான் நல்லா வரும். சொந்த நெலம், சொந்தக்காரங்க நெலம், இல்ல தோட்டக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. கோயில் புத்துல, மஞ்சத்துணி கட்டி பால் ஊத்துற புத்துல கை வைக்காதீங்க.

புத்துன்னா பாம்பு இருக்குமே?

இருக்கும். மழைக்கு அப்புறம் எலி, தவளை தேடி வெளிய வரும். ஷூ போடுங்க, முழுக்கால் பேன்ட், கையில கம்பு. கம்பால தட்டிட்டுத்தான் கைய நீட்டணும். புத்து ஓட்டைக்குள்ள கைய விடவே கூடாது. வெளிச்சம் நல்லா வந்த பிறகு போங்க. இன்னொன்னு, பன்றிக்காக திருட்டுத்தனமா கரண்டு வேலி போட்டுருப்பாங்க, ஈரத் தரையில அது ரொம்ப ஆபத்து, தெரியாத தோட்டத்துக்குள்ள கால் வைக்காதீங்க.

ரோட்டோரம், வாய்க்கா ஓரம் முளைச்சது பரவால்லயா?

சாக்கடை கலக்குற வாய்க்கா, குப்பை மேடு, பெரிய ரோட்டோரம், கம்பெனிக் கழிவு எறங்குற எடம் எதுலயும் எடுக்காதீங்க, காளான் மண்ணுல இருக்குற ஈயம், காட்மியம் எல்லாத்தையும் உறிஞ்சி வச்சுக்கும். இதை விட முக்கியம், யாராச்சும் கறையானுக்கு மருந்து அடிச்ச எடமான்னு கேளுங்க. புது வீடு கட்டுற பிளாட்டு, தென்னந்தோப்பு எல்லாம் கறையான் மருந்து ஊத்துவாங்க. புத்துக் காளான் கறையான் வீட்டுல இருந்து வர்றது, மருந்து நேரா அதுலதான் இருக்கும்.

எப்படி சமைக்கிறது?

அன்னைக்கே சமைங்க. பிளாஸ்டிக் கவர்ல போட்டா ரெண்டு மணி நேரத்துல வேர்த்து கொழகொழன்னு ஆயிடும், ஓலைக் கொட்டானோ துணிப்பையோ நல்லது. மொட்டா இருக்குறதும் பாதி விரிஞ்சதும்தான் ருசி. புழு வச்சது, கருத்தது வேணாம்.

வால்ல இருக்குற மண்ணை அங்கேயே சீவிட்டு வந்துருங்க. வீட்டுல அரிசி களைஞ்ச தண்ணியில மஞ்சள் போட்டு மூணு தடவை அலசுங்க, மடிப்புக்குள்ள மண்ணு ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், கடிக்குறப்ப நறநறன்னு வந்தா எல்லாம் போச்சு. கத்தி வேணாம், கையால நார் நாரா கிழிங்க, கோழிக்கறி மாதிரி வரும். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு, கறிவேப்பிலை. மிளகு சீரகம் மல்லி வறுத்து அம்மியில அரைச்சது, கடைசியில கொஞ்சம் தேங்காய். காளானே தண்ணி விடும், தனியா தண்ணி ஊத்தாதீங்க, அந்தத் தண்ணி வத்தி எண்ணெய் பிரியுற வரைக்கும் வேகணும். பச்சையா, அரைவேக்காடா வேணவே வேணாம். எங்க வீட்டுல கேப்பைக் களிக்கு இதை ஊத்திக் குடுத்தா சட்டியை வழிச்சுருவாங்க.

முதல் தடவை சாப்பிடுறவங்க ரெண்டு மூணு துண்டோட நிறுத்துங்க, நல்ல காளானே சில பேருக்கு ஒத்துக்காது. சமைக்காம ஒன்னை முழுசா வேரோட எடுத்து தனியா வையுங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா டாக்டர்கிட்ட காட்டலாம், ரெண்டு நாள் கழிச்சு தூக்கிப் போடலாம். சின்னப் புள்ளைக்கும் மாசமா இருக்குறவங்களுக்கும் காட்டுக் காளான் குடுக்காதீங்க.

நத்தம் ரோடு, அழகர்கோயில் ரோட்டுல பாட்டிங்க உக்காந்து விக்கிறாங்களே, வாங்கலாமா?

நான் வாங்குவேன், ஆனா வால் ஒட்டியிருக்கான்னு பாத்துதான். அவங்க பெரும்பாலும் வாலோடயே கட்டி வச்சுருப்பாங்க, அதுதான் அவங்க குடுக்குற அத்தாட்சி. "எந்தப் பக்கம் எடுத்தீங்க ஆத்தா"ன்னு கேளுங்க, நாலு வார்த்தை பேசுங்க. வெலையை அடிச்சுப் பேசாதீங்க, விடியுறதுக்குள்ள எந்திரிச்சு சேத்துக்குள்ள குனிஞ்சு எடுத்தது அது. வெறும் குடையா வெட்டிக் கொட்டி வச்சுருந்தா வேணாம்.

கொடைக்கானல்ல ஒரு காளான் கேள்விப்பட்டோம்...

அதைப் பத்தி எழுதி அனுப்புறவங்களுக்கு ஒரே பதில். அதுல இருக்குற சைலோசைபின்ங்குற போதைச் சரக்கு 1985 போதைப் பொருள் சட்டத்துக்குள்ள வர்றது. விக்கிறவன் எதைக் குடுக்குறான்னு அவனுக்கே தெரியாது, பைன் மரத்துக்கு அடியில செவப்புக் குடையில வெள்ளைப் புள்ளி வச்ச அமானிட்டாவும் அங்க முளைக்குது. போகாதீங்க.

புத்துக் காளானை வீட்டுல வளக்க முடியுமா?

முடியாது. கறையான் இல்லாம அது காளானா பூக்குறதில்ல, எத்தனையோ பேர் முயற்சி பண்ணிப் பாத்தாச்சு. காளான் வளக்க ஆசைன்னா நமக்குப் பக்கத்துலயே வழி இருக்கு. நம்ம வெயிலுக்கு ஏத்தது பால் காளான், அதுல ஏ.பி.கே. 2ன்னு ஒரு ரகம், 1998ல அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, அந்த மூணு எழுத்தே அருப்புக்கோட்டைதான். சிப்பிக் காளான்ல எம்.டி.யூ. 1, எம்.டி.யூ. 2 நம்ம மதுரை வேளாண் கல்லூரி ரகம். அந்தக் கல்லூரி இருக்குற ஒத்தக்கடையில போயி விசாரிங்க.

எல்லாத்தையும் பறிச்சுட்டா அடுத்த வருஷம் வருமா?

புத்தை உடைக்காம இருந்தா அந்தப் புத்துல வரும். நீங்க எடுக்குறது பழம் மாதிரி, மரம் உள்ள இருக்கு. கடப்பாரை போட்டு கட்டியை எல்லாம் பேத்து எடுத்தா அதோட முடிஞ்சுது. கும்பலுக்கு ஒன்னை மட்டும் தோண்டிப் பாருங்கன்னு நான் சொன்னது அதுக்குத்தான், பாத்துட்டு மண்ணை மூடிடுங்க.

ஆனா புதுப் புத்துக்கு வேற ஒரு கணக்கு இருக்கு, இதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்துச்சு. மழைக்கு ஈசல் பறக்குதுல்ல, அது ஜோடி சேந்து றெக்கையை உதுத்துட்டு மண்ணுக்குள்ள போயி புதுக் குடும்பம் ஆரம்பிக்கும். போறப்ப பெரும்பாலான சாதிக் கறையான் காளான் வித்தை கூட கொண்டு போறதில்ல. அதுக்குப் பொறந்த முதல் வேலைக்காரக் கறையானுங்க வெளிய வந்து இலை சருகு பொறுக்குறப்ப, அதுல ஒட்டிருக்குற காளான் தூள்தான் உள்ள போயி புது வெள்ளாமைக்கு விதையாகுது. அந்தத் தூள் எங்க இருந்து வரும்? நாம பறிக்காம விட்ட, நல்லா விரிஞ்சு முத்துன காளான்ல இருந்துதான்.

அப்பத்தாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா ஒவ்வொரு புத்துலயும் நல்லா விரிஞ்ச மூணு நாலை தொடாம விட்டுட்டு வரும். நான் சின்னப் புள்ளையில "அது ஏன் அப்பத்தா, அதையும் எடு"ன்னு அழுவேன். "அது கறையானுக்குத் தாயி"ன்னு சொல்லிட்டு, கொட்டானைத் தலையில வச்சுக்கிட்டு நடந்துரும்.